டிடிஆர்4 ரேமை 3200-லிருந்து 3600-க்கு ஏற்றுவது

முதலில் முக்கியமான ஃபைல்களை பேக்கப் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் நிலையில்லாத ரேம் சத்தமில்லாமல் டேட்டாவைக் கெடுக்கும். அப்புறம் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமிலேயே பதிந்திருக்கும் வேக செட்டிங்கை, ஆன் செய்தால் வோல்டேஜ் பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்கு வந்துவிடும், அங்கிருந்து வேகத்தை மட்டும் 3600 எம்டி/எஸ் (நொடிக்கு இத்தனை மில்லியன் டேட்டா பரிமாற்றம்) ஆக்கி, சிஎல் என்ற டைமிங்கை (ரேம் பதில் தர எடுக்கும் கிளாக் சுற்றுகள்) 16-லிருந்து 18 என்று தளர்த்துங்கள். வேகத்தையும் டைமிங்கையும் ஒரே நேரத்தில் இறுக்கவே வேண்டாம், எர்ரர் வந்தால் எதனால் என்றே தெரியாது.

கணக்குப் பார்த்தால் 3200 சிஎல் 16, 3600 சிஎல் 18 இரண்டுக்குமே காத்திருக்கும் நேரம் 10 நானோசெகண்ட்தான், கூடுவது பேண்ட்வித், அதாவது நொடிக்குக் கடத்தும் டேட்டா அளவு. பிராசசர் ஏஎம்டி ரைசன் 5000 என்றால் எஃப்கிளாக்கை (பிராசசரின் உள் இணைப்பு ஓடும் வேகம்) 1800 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள், 3600 ரேமின் நிஜ கிளாக்கும் 1800 என்பதால் ரேமோடு ஒன்றுக்கு ஒன்றாக ஓடும்.

சரி, விண்டோஸ் பூட் ஆனதை வெற்றியாக எடுக்காதீர்கள். ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் வேகத்தில் ஒரு படி இறங்குங்கள். திரையே வராவிட்டால் சிமாஸை (பயாஸ் செட்டிங்குகள் சேமிக்கப்படும் இடம்) கிளியர் செய்தால் போதும்.