குண்டுவீச்சு விமானத்தில் பறந்த தந்தையின் போர்ப் பணியைத் தொகுப்பது எப்படி

தில்லியில் கரோல் பாகிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ இரண்டு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் பரணில், மூடியில் வெள்ளை எழுத்தால் எண்ணும் பெயரும் எழுதப்பட்ட கருப்பு டிரங்குப் பெட்டி ஒன்று இன்னும் இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்து, அப்பா விமானப்படையில் பறக்கும் வழியைக் கணிக்கும் நேவிகேட்டராகவோ வானொலித் தொடர்பைக் கவனிக்கும் சிக்னலராகவோ இருந்தவர் என்பதற்கு மேல் உங்களுக்கு ஒன்றும் தெரியாதென்றால், அந்தப் பெட்டியிலிருந்தே தொடங்குங்கள். கேன்பெரா என்னும் குண்டுவீச்சு விமானத்தில் நேவிகேட்டராக இருந்த என் தந்தையின் 1965ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போர்ப் பணியைத் தொகுக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அதில் பாதிக் காலம், தேடலைத் தவறான முனையிலிருந்து தொடங்கியதால் வீணானது. நான் முதலில் உறவினர்களிடம் கதை கேட்கப் போனேன். முதலில் லாக் புத்தகத்தைத் திறந்திருக்க வேண்டும்.

விமானக் குழுவினர் ஒவ்வொருவரும் தம் பறப்புகளைத் தாமே எழுதிவந்த பதிவேடுதான் லாக் புத்தகம். நாள், விமானத்தின் வகை, அதன் எண், விமானியின் பெயர், தமக்குரிய வேலை, சென்ற இடம், பகலிலும் இரவிலும் பறந்த நேரம் ஆகியவை தனித்தனிப் பத்திகளில் இருக்கும். மாத முடிவில் மொத்தக் கணக்கின் கீழே மேலதிகாரியின் கையெழுத்தும் இருக்கும். குடும்பத்தில் சொல்லப்படும் எந்தக் கதையையும் விட இதையே நம்ப வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. எங்கள் வீட்டில் அப்பா பாகிஸ்தானின் பெஷாவரில் குண்டு போட்டவர் என்பதே பாட்டி சொல்லி வளர்ந்த வரலாறு. லாக் புத்தகத்தின்படி, பெஷாவர் தாக்கப்பட்ட செப்டம்பர் 13-14 இரவில் அவர் பறக்கவே இல்லை. வேறோர் இரவில் பாகிஸ்தானின் இன்னொரு விமானத் தளமான சர்கோதாவுக்குப் போயிருந்தார். பாட்டி பொய் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் வானொலியில் ஒலித்த பெயர்களுள் ஒன்று அவர் மனத்தில் மகனோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

புத்தகத்தைப் படிப்பதற்கு முன், வெற்றுப் பக்கங்களும் அட்டையும் உட்பட எல்லாப் பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள். கிழிந்த ஓரங்களில் செல்லோ டேப் ஒட்டுவதும் தாள்களை லேமினேட் செய்வதும் கூடாது. இரண்டும் பிறகு சரிசெய்ய முடியாத கேட்டையே விளைவிக்கும். தில்லியின் ஆவணி மாத ஈரப்பதம் பழைய தாளுக்குப் பகை என்பதால், புத்தகத்தைப் பரணுக்குத் திருப்பி அனுப்பாமல், காற்றோட்டமுள்ள அலமாரியில் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

படிக்கும்போது முதலில் விமான எண்ணைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் எச்.இ. என்ற எழுத்துகள் இருந்தால் அது லிபரேட்டர் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானம், ஐ.எஃப். என்றிருந்தால் பெரும்பாலும் கேன்பெரா. உலகப் போர் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களைப் பெங்களூருக்குப் பறக்கவைத்துக் கொண்டுசென்று, இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆலையில் பழுதுபார்த்தே 1948இல் 5ஆம் ஸ்குவாட்ரன் என்னும் விமானப் பிரிவை உருவாக்கினார்கள். அதில் விமானி, துணை விமானி, நேவிகேட்டர், சிக்னலர், பொறியாளர், துப்பாக்கி வீரர்கள் எனப் பெரிய குழுவே பறந்தது. ஆகவே உங்கள் தந்தையின் லாக் புத்தகத்தில் கேப்டன் பெயர் மட்டும் இருந்தாலும், அதே விமானத்தில் இருந்த மற்றவர்களின் குடும்பங்களிடமும் அதே பறப்பின் குறிப்பு கிடைக்கக்கூடும். 1957இல் வந்த கேன்பெராவின் குண்டுவீச்சு வகையில் இருவர் மட்டுமே. ஆபத்தில் விமானியை விமானத்திலிருந்து வெளியே எறியும் இருக்கை அவருக்கு உண்டு. நேவிகேட்டருக்கு அது கிடையாது, ஆபத்து வந்தால் அவர் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் குதிக்க வேண்டும். இதை நான் அறிந்த நாளில், லாக் புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். தந்தை 1944இல் பர்மா எல்லையில் இருந்தவர் என்றால், 7 அல்லது 8ஆம் ஸ்குவாட்ரனின் வெஞ்சன்ஸ் என்னும் இருவர் பறக்கும் பாய்ந்து தாக்கும் விமானத்தை எதிர்பாருங்கள்.

நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. பதிவு கிரீன்விச் கணக்கில் இருந்தால், நம் நேரத்தைப் பெற அதனுடன் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். நம் கணக்கில் 14ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு நடந்தது, கிரீன்விச்சில் 13ஆம் தேதி இரவு எட்டரை. தேதி ஒத்துவரவில்லை என்று நான் ஒரு வாரம் குழம்பியதற்கு இதுவே காரணம். இன்னொரு பொறி பெயரில் உள்ளது. பாகிஸ்தான் பயன்படுத்திய பி-57, கேன்பெராவின் அமெரிக்க வடிவமே. ஆகவே பத்திரிகைச் செய்திகளில் தோற்றத்தை வைத்து எந்த விமானம் யாருடையது என்று முடிவு செய்யாதீர்கள். மேலும், 106ஆம் ஸ்குவாட்ரன் கேன்பெராவில் குண்டு அல்ல, கேமரா இருந்தது. தந்தை அங்கே இருந்திருந்தால், அவர் குண்டு போட்டார் என்ற சொல்லைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பகை வானில் தனியாகச் சென்று படம் பிடித்துத் திரும்புவது எளிய வேலை அன்று.

லாக் புத்தகம் தொலைந்திருந்தால் பதக்கங்களைப் பாருங்கள். பதக்கத்தின் விளிம்பிலோ பின்புறத்திலோ பணி எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லா விண்ணப்பங்களுக்கும் அந்த எண்ணே திறவுகோல். சமர் சேவா ஸ்டார் 1965ஆம் ஆண்டுப் போர்க்களத்தில் பணியாற்றியதைக் காட்டுவது. ரக்ஷா மெடல் அந்தக் காலத்தில் படையில் இருந்த பலருக்கும் கிடைத்தது; அதை மட்டும் வைத்து அவர் போரில் பறந்தார் என்று எழுதக் கூடாது. 1971ஆம் ஆண்டுப் போருக்குக் கிழக்குக்குரிய பூர்வி ஸ்டாரும் மேற்குக்குரிய பச்சிமி ஸ்டாரும் எந்தத் திசை என்பதைச் சொல்லிவிடும். ஐக்கிய நாடுகள் பதக்கம் ஒன்று இருந்தால், 1961இல் 5ஆம் ஸ்குவாட்ரனின் கேன்பெராக்கள் காங்கோவுக்குச் சென்றதை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்தது அலுவலகங்கள். தில்லியில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு: விமானப்படைத் தலைமையகமான வாயு பவன், சுப்ரதோ பார்க், ராமகிருஷ்ணபுரத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு, ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம் ஆகிய எல்லாம் ஒரே நகரத்துக்குள். அதிகாரி அல்லாத வீரர்களின் பணி ஆவணங்கள் சுப்ரதோ பார்க்கிலுள்ள விமானப்படை ரெக்கார்டு அலுவலகத்தில் இருக்கும். அதிகாரிகளுடையதற்கு விமானப்படைத் தலைமையகத்தை அணுக வேண்டும். தந்தை உயிரோடு இருந்தால், விண்ணப்பத்தை அவரே கையெழுத்திட்டு அனுப்புவது மிகச் சிறந்தது, ஏனெனில் தம் ஆவணத்தைத் தாமே கேட்பவரிடம் பிறர் அந்தரங்கம் என்ற மறுப்பு எழ இடமில்லை. அவர் காலமாகியிருந்தால், இறப்புச் சான்று, பென்ஷன் ஆணையின் நகல், உங்கள் உறவைக் காட்டும் சான்று ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். இங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது கேள்வியின் அமைப்பே. "என் தந்தையைப் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்டு நான் ஒரு முறை வெறுங்கையோடு திரும்பினேன். சட்டம் உள்ள ஆவணத்தைத் தரச் சொல்கிறதே தவிர, புதிதாக விளக்கம் எழுதித் தரச் சொல்லவில்லை. ஆகவே பணியில் சேர்ந்த நாள், பணியிடங்களின் பட்டியல் தேதிகளோடு, முடித்த பயிற்சிகள், தகுதியான பதக்கங்கள், விடுவிக்கப்பட்ட நாள் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகளுக்குச் சட்டத்தின் 8ஆம் பிரிவு மூன்றாம் உட்பிரிவு, தகவல் தர மறுக்க இடந்தரும் பல விலக்குகளை நீக்குகிறது என்பதை அதில் எழுதலாம். நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டும் விலக்கு உள்ளிட்ட சில மட்டும் அதன் பிறகும் நீடிக்கும்.

ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகளைப் பொறுத்தவரை, 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட போர் ஆவணங்களைப் பரிசீலித்துத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்ற கொள்கையைப் பாதுகாப்பு அமைச்சகம் 2021இல் அறிவித்தது. எனவே காப்பகத்தின் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறையேனும் மறுபடி தேடிப் பாருங்கள். உலகப் போரில் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரனோடு பறந்தவர் என்றால், லண்டனின் கியூ பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசை அதற்குரியது.

கடைசியாக, ஆனால் தந்தை இருக்கும்போதே, அவரிடம் பேசுங்கள். "பயமா இருந்துதா அப்பா?" என்று நான் கேட்டபோது, "வேலை இருந்துதுடா" என்பதோடு பேச்சு முடிந்தது. அடுத்த முறை லாக் புத்தகத்தின் ஒரு பக்கத்தை மேசைமேல் விரித்து, விமானத்தின் மூக்கில் குப்புறப் படுக்க எப்போது எழுந்து போவீர்கள், பென்சிலை எங்கே செருகிக்கொள்வீர்கள், கணக்குப் போடும் வட்டச் சுழற்கோலை இருட்டில் எந்த வெளிச்சத்தில் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். உணர்ச்சியைக் கேட்பதை விடுத்துக் கையின் வேலையைக் கேட்டால், மற்றது தானாக வந்து சேர்கிறது. ஒரே அமர்வில் ஒரு பறப்புக்கு மேல் எடுக்க வேண்டாம்; எண்பது வயதைத் தாண்டியவர் களைத்துப்போவார், அடுத்த இரண்டு இரவுகள் தூங்காமலும் இருக்கலாம்.

தில்லியின் பாலம் என்னும் பகுதியிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் லிபரேட்டரும் கேன்பெராவும் நிறுத்தப்பட்டுள்ளன. திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு, குளிர்காலக் காலை ஒன்றில், நடக்க முடிந்தால் அவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஒலிப்பதிவுக் கருவியை வாசலிலேயே இயக்கிவிட வேண்டும். நான் பையிலிருந்து எடுப்பதற்குள், அப்பா கேன்பெராவின் கதவருகே குனிந்து, அதன் அகலத்தை ஒரு சாண், இரண்டு சாண் என்று கையால் அளக்கத் தொடங்கிவிட்டார். அப்போது அவர் சொன்ன முதல் வாக்கியங்கள் என் தொகுப்பில் இல்லை.