காலையில் மட்டும் கீச்சிடும் எஞ்சின்: பெல்ட்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஜூன் பிறந்து குளிர்காலம் தொடங்கிவிட்டால், தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க்கைச் சேர்ந்த லெனேசியாவில் விடியற்காலை வண்டி எடுப்பவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகப் பழகிப்போகும். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடிக்கிறது; உடனே பானெட்டுக்கு அடியிலிருந்து 'கீ...' என்று நீளமாக ஒரு கூச்சல். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். அப்புறம் நாள் முழுக்க வண்டி அமைதியாக ஓடும். சாயங்காலம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒரு சத்தமும் வராது. "பெல்ட்டை மாத்திடலாம்" என்பார், மாற்றுவார். சில வாரங்களில் பழைய கூச்சல் திரும்ப வந்து நிற்கும்.

கத்துவது பெல்ட்தான். அதைக் கத்த வைப்பது பல நேரங்களில் வேறு ஒரு பாகம். அந்தப் பாகம் எது என்பதற்கான தடயம் காலையில் அந்த முதல் அரை நிமிடத்தில்தான் கிடைக்கும். அப்போது பக்கத்தில் இருப்பவர் நீங்கள். அதனால் இந்தச் சோதனையைச் செய்யச் சரியான ஆளும் நீங்கள்தான்.

ஏன் காலையில் மட்டும்?

எஞ்சினின் ஒரு பக்கத்தில் ரப்பர் பெல்ட் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் நேரடியாகச் சுழற்றும் சக்கரமான கிராங்க் புல்லியிலிருந்து சக்தியை வாங்கி, மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், சில வண்டிகளில் வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப் ஆகியவற்றைச் சுழற்றுவது அதன் வேலை. ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து நிறைய மின்சாரத்தை உறிஞ்சுகிறது. எஞ்சின் பிடித்த கணமே ஆல்டர்னேட்டர் அந்த இழப்பை நிரப்பப் பாடுபடும். ஆகவே அதைச் சுழற்றுவது அந்த நேரத்தில் மிகக் கடினம். குளிரில் ரப்பரும் விறைத்திருக்கும், பேட்டரியும் சோர்ந்திருக்கும். பெல்ட் புல்லியின் மேல் வழுக்கும். வழுக்கும் ரப்பர் அதிர்வதுதான் அந்தக் கூச்சல். கொஞ்சம் சூடேறி, பேட்டரியும் தேறியதும் நின்றுவிடும்.

ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உறைபனி விழும் ஊர். டர்பனில் அந்தக் குளிர் கிடையாது. ஆனால் அந்த ஊரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இரவெல்லாம் வெளியே நிற்கும் வண்டியின் பெல்ட்டில் ஈரம் படியும், அதுவும் இதே சத்தத்தைத் தரும். ஈரமான காலையில் இரண்டு மூன்று விநாடி கீச்சிட்டு நின்றால், பெல்ட்டும் நல்ல நிலையில் இருந்தால், நான் அதற்குச் செலவு செய்யச் சொல்லமாட்டேன். உலர்ந்த காலையிலும் வருகிறது, நாளுக்கு நாள் நீளுகிறது என்றால் கீழே உள்ளபடி பாருங்கள்.

கை வைக்கும் முன்

ஓடும் பெல்ட் பக்கம் விரல், தலைமுடி, துப்பட்டா, தொளதொள சட்டைக் கை எதுவும் போகக் கூடாது. காவடி விரதத்துக்குக் காப்புக் கயிறு கட்டியிருப்பவர்கள் அதை இடையில் அவிழ்க்க முடியாது. அந்த நாட்களில் பானெட் பக்கம் வேறொருவரை நிறுத்துங்கள். வண்டியை நியூட்ரலில் அல்லது பார்க்கில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து வையுங்கள். ரேடியேட்டர் விசிறி எஞ்சினை அணைத்த பிறகும் தானாகச் சுழலலாம். இதை லேசாக எடுக்காதீர்கள்.

படி 1: முதல் அரை நிமிடத்தைப் பிடியுங்கள்

இரவு முழுக்க நின்ற வண்டியாக இருக்க வேண்டும். வீட்டில் யாரையாவது உள்ளே உட்காரச் சொல்லி ஸ்டார்ட் செய்ய வையுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து, கைபேசியில் பதிவு செய்துகொண்டு ஓரமாக நில்லுங்கள். இந்தப் பதிவு பின்னால் மெக்கானிக்கிடம் காட்டவும் உதவும்.

சத்தத்தின் வகை முக்கியம். இடைவிடாத நீண்ட கூச்சல் என்றால் பெல்ட் வழுக்குகிறது. குருவி கத்துவது போல 'கிச், கிச்' என்று விட்டு விட்டு, எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறைந்தால், புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். கரகரவென்று அரைக்கும் ஒலி பேரிங் தேய்ந்ததற்கு அடையாளம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் முனகினால் பவர் ஸ்டீயரிங் எண்ணெயின் அளவைப் பாருங்கள். சாவியைத் திருப்பும் அந்த ஒரு விநாடியில் மட்டும் கிறீச்சிட்டு, எஞ்சின் பிடித்ததும் நின்றால் அது ஸ்டார்ட்டரின் விஷயம். இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

படி 2: சுமையை ஏற்றுங்கள்

கூச்சல் அடங்கியதும் முகப்பு விளக்கு, பின் கண்ணாடி ஹீட்டர், காற்று விசிறி எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். சத்தம் திரும்பினால் ஆல்டர்னேட்டரின் சுமையைப் பெல்ட் தாங்கவில்லை. ஏசியைப் போட்டதும் வந்தால் கம்ப்ரஸர் பக்கம் பாருங்கள். பெல்ட்டால் ஓடும் ஸ்டீயரிங் பம்ப் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி ஒரு விநாடி மட்டும் பிடியுங்கள். எந்தச் சுமையில் கத்துகிறதோ அந்தத் திசையில் தேடல் குறுகிவிடும்.

படி 3: தண்ணீர்ச் சோதனை

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செடிக்குத் தெளிக்கும் சிறிய ஸ்ப்ரே பாட்டில் போதும். சத்தம் வந்துகொண்டிருக்கும்போது, தள்ளி நின்று, பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். ஆல்டர்னேட்டரின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் அதிகமானால் இழுவிசை போதவில்லை: பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது, அல்லது பெல்ட் தேய்ந்திருக்கிறது. சத்தம் சட்டென்று நின்று, சில விநாடிகளில் திரும்பினால் புல்லிகளின் நேர்க்கோடு தவறியிருக்கிறது. இரண்டாவது வகைக்குப் புது பெல்ட் போட்டால் கொஞ்ச நாள் அமைதி கிடைக்கும், அவ்வளவுதான். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சோப்பு, மெழுகுவர்த்தி, துரு நீக்கும் ஸ்ப்ரே எதையும் பெல்ட்டில் தடவாதீர்கள். சத்தம் மறையும், காரணமும் சேர்ந்து மறைந்துவிடும்; எண்ணெய்ப் பசை ரப்பரையும் கெடுக்கும்.

படி 4: எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டுப் பாருங்கள்

டார்ச் அடித்துப் பெல்ட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். பழைய வகை நியோப்ரீன் பெல்ட் வெடிப்பு விட்டுத் தன் வயதைக் காட்டும். இப்போது வருபவை பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரப்பர். அது வெடிக்காமலே தேயும். 'வெடிப்பு இல்லையே, நல்லாத்தானே இருக்கு' என்று ஏமாறுவது சுலபம். வரிகளின் பள்ளம் அகன்று ஆழமாகிவிட்டதா, கண்ணாடி போலப் பளபளக்கிறதா, ஓரம் நூல்நூலாகப் பிரிகிறதா என்று பாருங்கள். ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் மறுபடியும் நேர்க்கோட்டுப் பிரச்சினைதான்.

எண்ணெயோ, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டோ பட்டு நனைந்திருந்தால் முதலில் கசிவை அடைத்துவிடுங்கள். அதற்கு முன் போடும் புது பெல்ட்டும் அதே கதிக்குத்தான் வரும்.

படி 5: டென்ஷனரும் புல்லிகளும்

பழைய சிட்டி கோல்ஃப், டாஸ் போன்ற வண்டிகளில் இருக்கும், குறுக்குவெட்டில் 'V' வடிவமான வி பெல்ட்டுக்குத் தானியங்கி டென்ஷனர் கிடையாது. நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இறங்கினால் சரி, சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் இறங்கினால் ஆல்டர்னேட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, நகர்த்தி இறுக்கலாம். சத்தம் நிற்கட்டும் என்று முறுக்கி முறுக்கி இறுக்கினால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் போய்விடும்.

புதிய வண்டிகளிலும் ஹைலக்ஸ் போன்ற 'பக்கி' எனப்படும் பிக்கப் வண்டிகளிலும் பெரும்பாலும் ஸ்ப்ரிங் டென்ஷனர் இருக்கும். எஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று அதன் கையைக் கவனியுங்கள். லேசான அசைவு இயல்பு. படபடவென்று ஆடினால் ஸ்ப்ரிங் சோர்ந்துவிட்டது. பலவற்றில் எல்லை காட்டும் கோடுகள் பொறித்திருப்பார்கள். முள் கோட்டைத் தாண்டியிருந்தாலும் அதே முடிவுதான்.

பெல்ட்டைக் கழற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், முதலில் அது போகும் வழியைப் படம் எடுத்துவிட்டு, கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். சொரசொரப்போ ஆட்டமோ இருக்கக் கூடாது. வாட்டர் பம்புக்குக் கீழே கூலண்ட் காய்ந்த கறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 6: பேட்டரியை மறக்காதீர்கள்

ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7 வரை வர வேண்டும். சில புதிய வண்டிகளில் கணினியே இதைக் கூட்டிக் குறைக்கும். பேட்டரி கிழமாகிவிட்டால் ஒவ்வொரு காலையும் ஆல்டர்னேட்டர் மிதமிஞ்சி உழைக்கும். லெனேசியாக் குளிரில் பெல்ட்டின் மேல் வரும் பழி பாதிக்குப் பாதி பேட்டரிக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம்.

எப்போது ஓட்டக் கூடாது?

கூச்சலோடு பேட்டரி விளக்கு எரிந்தாலோ, சூடு காட்டும் முள் ஏறினாலோ, கரகரப்பு கேட்டாலோ வண்டியை நிறுத்துங்கள். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது பெல்ட் அறுந்தால் மின்சாரம் போகும்; அந்தப் பெல்ட்டே வாட்டர் பம்பை ஓட்டுகிறது என்றால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் பக்கமிருந்து சத்தம் வந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள், நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

புது பெல்ட் போட்டால் அடுத்த நாள் காலை, வண்டி நன்றாகக் குளிர்ந்த பிறகு, படி 1-ஐ மறுபடி செய்து கேளுங்கள். வி பெல்ட் என்றால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொஞ்சம் நீளும். அப்போது ஒருமுறை அழுத்திப் பார்த்து இறுக்க வேண்டும்.