உப்புக்காற்று வீட்டில் சிப்பியும் சில்லறையும்

ராமேஸ்வரத்துக்கு அருகே, கடலோர ஊரான மண்டபம் பக்கம் எங்கள் வீடு. சாவி, மூக்குக்கண்ணாடி, ரிமோட், பிள்ளைகள் பொறுக்கி வந்த சோழி, சிப்பி என்று எல்லாமே டீப்பாய் மேல்தான் கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் ஓரடிக் கட்ட அலமாரி நான்கு வாங்கினேன். வேண்டியபடி பிரித்து மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கும்போது பலகையைப் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்தது கடலோர ஈரத்தில் ஓரம் உப்பிவிடும். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள்.

சிப்பிக்கு இன்னொரு வம்பு உண்டு. மூடிய பெட்டிக்குள் பலகையிலிருந்து கசியும் அமில ஆவி, சிப்பியின் சுண்ணாம்பை அரிக்கும். எங்கள் சோழி ஒன்று பளபளப்பு போய், வெள்ளைப் பொடி பூத்து, முகர்ந்தால் வினிகர் வாடை! அதனால் நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து உப்பை எடுத்து, நிழலில் உலர்த்தி, கதவில்லாத கட்டத்தில் கண்ணாடித் தட்டில் வையுங்கள். சாவி, சில்லறைக்கு வாசல் பக்கக் கட்டம் போதும்.

அப்புறம், பவளப்பாறைத் துண்டு மட்டும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை எடுத்து வைத்திருப்பது குற்றம்.