சிறைபிடிப்பா, சிறைவைப்பா? அகப்பட்டவருக்குச் சொல் தேடும்போது

எழுதும் முன் கேட்க வேண்டியது ஒன்றே: பிடித்து வைத்திருப்பது யார்?

சட்டம் என்றால் 'கைதி'. ஆனால் அடைமொழி கட்டாயம். சேலம் அஸ்தம்பட்டி மத்திய சிறையில் இருப்பவரின் வழக்கு இன்னும் நடந்தால் விசாரணைக் கைதி; தீர்ப்பாகித் தண்டனை அனுபவித்தால் தண்டனைக் கைதி; குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவர் தடுப்புக் காவலில் இருப்பவர். அடைமொழியை விட்டால் குற்றம் நிரூபணமாகாதவரும் படிப்பவர் மனதில் குற்றவாளி ஆகிவிடுவார். சந்தேகம் இருந்தால் 'சிறைவாசி' என்று எழுதுங்கள், வம்பில்லை.

'பிணை'யில் கவனம். 'பிணையில் வந்தார்' ஜாமீன். 'பிணையாகப் பிடித்தார்கள்' கடத்தல். ஓர் உருபு மாறினால் ஆள் உள்ளே போய்விடுவார்.

நம் பக்கத்துச் செய்திகளில் அதிகம் புழங்குவது 'பஸ் சிறைபிடிப்பு'. நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பஸ்ஸை ஊர்க்காரர்கள் மறித்து, அதிகாரி வந்து பேசும்வரை விடமாட்டார்கள். இதைச் 'சாலை மறியல்' என்று எழுதக்கூடாது. மறியலில் சாலையே முடங்கும். சிறைபிடிப்பில் குறி அந்த ஒரு வண்டிதான். 'சிறைவைத்தனர்' என்பதும் பொருந்தாது, அது ஆளை உள்ளே போட்டுப் பூட்டுவது. 'பயணிகள் சிறைபிடிப்பு' என்று தலைப்புப் போட்டால் படிப்பவர் பதறிப்போவார்.

'கேப்டிவ்' (captive, அகப்பட்ட) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெயர்க்கும்போதுதான் சறுக்கல் அதிகம். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டிய சுரங்கத்தைச் 'சிறைச் சுரங்கம்' என்றால் கைதிகள் வெட்டியதாகிவிடும். 'ஆலையின் சொந்தத் தேவைக்கான சுரங்கம்' என்று நீட்டியே எழுதலாம். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் ஒரு மான் குட்டி போட்டால் அது 'சிறையில் பிறந்த குட்டி' அல்ல, 'பூங்காவில் பிறந்த குட்டி', அவ்வளவுதான். ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடியும்வரை டிரைவர் போடும் பாட்டைக் கேட்பவர்கள் 'சிறைப்பட்ட ரசிகர்கள்' அல்ல, 'கேட்டே தீரவேண்டியவர்கள்'.

மனம் அகப்பட்டதற்குச் 'சிறை' வேண்டாம், தேய்ந்துபோன உவமை. ஏற்காட்டின் பகோடா பாயிண்டில் பள்ளத்தாக்கைப் பார்ப்பவர் சொக்கி நிற்பார். நாதஸ்வரத்தில் மெய்மறப்பார், பேச்சுக்குக் கட்டுண்டு கிடப்பார். 'வசப்பட்டார்' என்றால் யாரோ வளைத்துப் போட்டதாக ஒரு வாடை அடிக்கும். அது வேண்டுமென்றால் மட்டும் போடுங்கள்.

பழைய பாட்டுக்கு உரை எழுதுபவர்கள் இன்னும் நிதானிக்க வேண்டும். குறள் 569 சொல்லும் 'சிறைசெய்யா வேந்தன்' யாரையும் சிறையில் அடைக்காத அரசன் அல்ல, அரண் செய்துகொள்ளாத அரசன். வண்டுக்கு முன்னால் 'மென்சிறை' வந்தால் மெல்லிய சிறகு.