கோர்பூட் மூலநிரலில் தேடுவது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

கணினி இயங்கத் தொடங்கும்போது வன்பொருளைத் தயார்செய்யும் திறந்த மூலநிரல் மென்பொருளான கோர்பூட் திட்டத்திற்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். ஒரு செயற்கூறின் பெயரைத் தேடுகிறார்கள். அது வரையறுக்கப்பட்ட வரி கிடைக்கிறது. ஆனால் அதை அழைக்கும் வரி ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. உடனே அதைக் கைவிடப்பட்ட நிரல் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் அந்தச் செயற்கூறு கணினி இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே பொருளுக்கு அமைப்புக் கோப்பில் ஒரு பெயரும், சி நிரலில் இன்னொரு பெயரும், கோப்புறைப் பாதையில் வேறொரு பெயரும் இருப்பதே இந்தக் குழப்பத்திற்குக் காரணம். அப்பெயர்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றித் தேடும் முறையையே இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக 2012இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230 மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் விசைப்பலகைப் பின்னொளியை கோர்பூட் எங்கே கையாள்கிறது என்பதே நம் கேள்வி. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.

படி 1: முழு வரலாற்றோடு நகலெடுங்கள்

நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் கிட் குளோன் கட்டளையால் களஞ்சியத்தை இறக்கும்போது, நேரத்தை மிச்சப்படுத்த டெப்த் என்ற விருப்பத்தைச் சேர்த்து அண்மை மாற்றத்தை மட்டும் இறக்குவது பலருடைய வழக்கம். தேடுவதற்கு அது உதவாது. 1999இல் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் லினக்ஸ்பயோஸ் என்ற பெயரில் தொடங்கி, 2008இல் கோர்பூட் என்று பெயர் மாறிய திட்டம் இது. ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதற்கான விடை பல நேரங்களில் பழைய மாற்றக் குறிப்புகளில்தான் இருக்கிறது.

படி 2: கோப்புறைப் பெயர்களை அப்படியே நம்பாதீர்கள்

எஸ்ஆர்சி கோப்புறைக்குள் மெயின்போர்டு, நார்த்பிரிட்ஜ், சவுத்பிரிட்ஜ், சிபியு, எஸ்ஓசி, ஈசி (விசைப்பலகை போன்றவற்றைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு), டிரைவர்ஸ் என்று வன்பொருளின் பகுதிகளுக்கு ஏற்ப உட்கோப்புறைகள் இருக்கின்றன. நம் மடிக்கணினியின் பலகைக் கோப்புகள் மெயின்போர்டுக்குள் லெனோவோ, அதற்குள் எக்ஸ்230 என்ற இடத்தில் உள்ளன. இதுவரை சிக்கல் இல்லை.

இனித்தான் கவனம் தேவை. எக்ஸ்230இல் இருப்பது இன்டெலின் ஐவி பிரிட்ஜ் செயலி. ஆனால் அதன் நினைவகத்தைத் தொடக்கிவைக்கும் நிரல் நார்த்பிரிட்ஜ் கோப்புறையில் சாண்டிபிரிட்ஜ் என்ற பெயரில் இருக்கிறது. முந்தைய தலைமுறைக்கென எழுதப்பட்ட நிரலே அடுத்த தலைமுறைக்கும் விரிவாக்கப்பட்டதால் கோப்புறையின் பெயர் மாறவில்லை. சிபியு கோப்புறையில் இரு தலைமுறைகளுக்கும் பொதுவாக இருக்கும் மாடல் 206ஏஎக்ஸ் என்ற பெயரும் சாண்டி பிரிட்ஜின் அடையாள எண்ணிலிருந்து வந்ததுதான். இன்டெலின் ஏழாம் வரிசையைச் சேர்ந்த கியூஎம்77 சில்லுத்தொகுதிக்கான நிரல் பிடி82எக்ஸ்6எக்ஸ் என்ற, ஆறாம் வரிசையைக் குறிக்கும் பெயரில் இருக்கிறது. விற்பனைப் பெயரை வைத்துத் தேடுகிறவருக்கு இவற்றில் எதுவும் அகப்படாது. ஆகவே பலகையின் கோப்புறையில் உள்ள கேகான்ஃபிக் கோப்பையும் (தொகுப்புக்கான தெரிவுகள்) டிவைஸ்ட்ரீ கோப்பையும் (பலகையில் உள்ள வன்பொருளின் பட்டியல்) முதலில் திறந்து, கோர்பூட் அந்தப் பகுதிகளை என்ன பெயரில் அழைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பெயர்களை வைத்தே தேடுங்கள்.

படி 3: கிட் கிரெப்

கோப்புகளுக்குள் சொற்களைத் தேடும் சாதாரண கிரெப் கட்டளைக்குப் பதிலாக கிட் கிரெப் கட்டளையையே முதலில் பயன்படுத்துங்கள். களஞ்சியம் கண்காணிக்கும் கோப்புகளில் மட்டுமே அது தேடுவதால், நிரலைத் தொகுக்கும்போது (கம்பைல்) உருவான குப்பைகள் முடிவில் கலப்பதில்லை, வேகமும் கூடுதல். வரி எண்ணுக்கு என், முழுச் சொல்லுக்கு டபிள்யூ, கோப்புப் பெயர்கள் மட்டும் போதுமென்றால் எல் என்ற மூன்று விருப்பங்களே அன்றாட வேலைக்குப் போதும். கட்டளையின் இறுதியில் ஒரு கோப்புறைப் பாதையைச் சேர்த்தால் தேடல் அதற்குள் அடங்கிவிடும்.

இந்தக் கட்டளை தேர்ட்பார்ட்டி கோப்புறையில் உள்ள துணைக் களஞ்சியங்களுக்குள் தானாக நுழையாது. தொடக்க மென்பொருளின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்கும் வீபூட் போன்றவை அங்கேதான் இருக்கின்றன. அவற்றிலும் தேட ரிகர்ஸ் சப்மாட்யூல்ஸ் என்ற விருப்பத்தைத் தனியாகத் தர வேண்டும்.

படி 4: பெயரை மாற்றித் தேடுங்கள்

எக்ஸ்230இன் டிவைஸ்ட்ரீ கோப்பில் சிப் என்ற சொல்லை அடுத்து ஈசி, லெனோவோ, எச்8 என்று சாய்கோடுகளால் பிரித்த ஒரு பெயர் வரும். அது வெறும் பெயரன்று. எஸ்ஆர்சி கோப்புறைக்குள் உள்ள பாதை. அங்கே சென்றால் சிப் ஆப்பரேஷன்ஸ் வகையைச் சேர்ந்த ஒரு கட்டமைப்பு வரையறுக்கப்பட்டிருக்கும். அதன் பெயரில் சாய்கோடுகள் அடிக்கோடுகளாக மாறி, இறுதியில் ஆப்ஸ் என்ற ஒட்டு சேர்ந்திருக்கும். இந்தப் பெயரை கிட் கிரெப்பில் தேடினால் வரையறை மட்டுமே கிடைக்கும். தொடக்கத்தில் சொன்ன தடுக்கல் இதுதான்.

அதை அழைக்கும் நிரலை எவரும் கையால் எழுதவில்லை. யுடில் கோப்புறையில் உள்ள எஸ்கான்ஃபிக் என்ற கருவி டிவைஸ்ட்ரீ கோப்பைப் படித்து, ஸ்டாட்டிக்.சி என்ற கோப்பை பில்ட் கோப்புறைக்குள் உருவாக்குகிறது. இணைப்பு நடப்பது அங்கேதான். எனவே பலகையை ஒருமுறை தொகுத்து, பில்ட் கோப்புறைக்குள் சாதாரண கிரெப் கட்டளையால் தேடினால் விடுபட்ட கண்ணி கிடைத்துவிடும். குப்பை என்று படி 3இல் ஒதுக்கியதே இங்கே சான்றாகிறது.

இனி பின்னொளிக்கு வருவோம். அதே டிவைஸ்ட்ரீ பகுதியில் ரெஜிஸ்டர் என்ற சொல்லை அடுத்து, மேற்கோள் குறிக்குள் ஹேஸ் கீபோர்டு பேக்லைட் என்ற பெயரும் அதற்கு 1 என்ற மதிப்பும் இருக்கும். இந்தப் பெயர் எச்8 கோப்புறையின் சிப்.எச் கோப்பில் ஒரு கட்டமைப்பின் உறுப்பாக வரையறுக்கப்பட்டிருக்கிறது, எச்8.சி கோப்பில் அது சோதிக்கப்படுகிறது. அந்தச் சோதனைக்குள் பேக்லைட் என்ற சிறிய சொல் மீண்டும் மேற்கோள் குறிக்குள் வருவதைக் கவனியுங்கள். அது பயனர் மாற்றக்கூடிய ஓர் அமைப்பின் பெயர். மேற்கோள் குறியோடு சேர்த்தே அதைத் தேடினால் தேவையற்ற முடிவுகள் பெரிதும் குறையும். குறியில்லாமல் பலகைக் கோப்புறைக்குள் தேடினால் சிமாஸ்.லேஅவுட் கோப்பு கிடைக்கும். இரு விளக்குகளும் எரிவதா, விசைப்பலகை மட்டுமா, மூடியில் உள்ள திங்க்லைட் மட்டுமா, எதுவுமே வேண்டாமா என்ற தெரிவுகள் அங்கே எண்களோடு தரப்பட்டுள்ளன. நம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

கேகான்ஃபிக் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. கேகான்ஃபிக் கோப்புகளில் ஒரு தெரிவு முன்னொட்டு இல்லாமல் எழுதப்படுகிறது. மேக்ஃபைல்களில் கான்ஃபிக் என்ற முன்னொட்டும் அடிக்கோடும் சேர்கின்றன. சி நிரலில் ஆம்–இல்லை வகைத் தெரிவுகள் கான்ஃபிக் என்ற மேக்ரோவின் அடைப்புக்குறிக்குள் வருகின்றன. முன்னொட்டை நீக்கிவிட்டுத் தேடினால் மூன்று வடிவங்களும் ஒருங்கே கிடைக்கும். ஒரு தெரிவை எவை இயக்குகின்றன என்பது மட்டும் தெரிய வேண்டுமானால், மேக் மெனுகான்ஃபிக் திரையில் சாய்கோட்டு விசையை அழுத்தித் தேடுவதே மேல். அது எதைச் சார்ந்தது, எதனால் தெரிவாகிறது என்பதையும் சேர்த்தே காட்டும்.

படி 5: பதிவுச் செய்தியிலிருந்து நிரலுக்கு

சிபிமெம் கருவி காட்டும் தொடக்கப் பதிவில் உள்ள ஒரு செய்தியைத் தேடும்போது முழு வரியையும் ஒட்டாதீர்கள். எண்களும் முகவரிகளும் இயங்கும்போது நிரப்பப்படுபவை. வரியின் முதலில் வரும் செயற்கூறின் பெயரும் சில இடங்களில் அப்படித்தான் நிரப்பப்படுகிறது. மாறாத இரண்டு மூன்று சொற்களை மட்டும் தேடுங்கள்.

படி 6: ஆவணங்கள்

டாக்குமென்டேஷன் கோப்புறையில் உள்ள மார்க்டவுன் கோப்புகளிலிருந்தே திட்டத்தின் ஆவணத் தளம் உருவாக்கப்படுகிறது. ஆகவே அவற்றிலும் கிட் கிரெப் கட்டளையாலேயே தேடலாம். உட்கோப்புறைகள் பெரும்பாலும் மூலநிரலின் அமைப்பையே பின்பற்றுகின்றன. சாண்டிபிரிட்ஜின் நினைவகத் தொடக்கம் பற்றிய விளக்கமும் நார்த்பிரிட்ஜ், இன்டெல், சாண்டிபிரிட்ஜ் என்ற அதே வரிசையில்தான் இருக்கிறது. ஆவணமும் நிரலும் முரண்பட்டால் நான் நிரலையே நம்புவேன். கேகான்ஃபிக் கோப்புகளில் உள்ள உதவிக் குறிப்புகளும் ஆவணங்களே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படி 7: வரலாற்றில் தேடுதல்

ஒரு சொல் எப்போது நுழைந்தது, எப்போது நீங்கியது என்று அறிய, கிட் லாக் கட்டளையோடு பெரிய எஸ் விருப்பத்தையும் அச்சொல்லையும் தாருங்கள். இன்றைய நிரலில் இல்லாத பெயரைப் பழைய வழிகாட்டி ஒன்றில் கண்டால் இதைவிட்டால் வேறு வழியில்லை. கிடைக்கும் மாற்றக் குறிப்பின் அடியில் ரிவ்யூட் ஆன் என்ற வரியில், மாற்றங்களை மதிப்பாய்வு செய்யும் கெரிட் தளத்தின் இணைப்பு இருந்தால் அதைத் திறந்து பாருங்கள்; அந்த மாற்றத்தின் முந்தைய வடிவங்களும், அவற்றை மதிப்பாய்வு செய்தவர்கள் எழுப்பிய மறுப்புகளும் அங்கே வரிக்கு வரி இருக்கும்.