மலையக வளைவு வீதிகள்: தெரிவதும் இறங்குவதும்

இலங்கை மலையகத்தில், கம்பளை, புசல்லாவை தாண்டி ரம்பொடையில் வளைந்து வளைந்து ஏறும் ஏ 5 வீதியை அறியாதவர் குறைவு. ஆனால் ஏப்ரல் மாத ஞாயிறு ஒன்றில் பகல் 11 மணிக்கு அதே வீதியில் ஏறினால் நுவரெலியா வரை முன்னால் போகும் வேனின் புகையைத்தான் குடிக்க வேண்டும். சாதாரண வார நாளில் காலை 6 மணிக்கு ஏறிப் பாருங்கள், வேறு வீதியில் வந்துவிட்டோமா என்று தோன்றும். வளைவு வீதி தேடுகிறவருக்கு வீதியின் பெயர் தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. எந்த மாதம், எந்த மணி, எந்தத் திசை என்பதுதான் மீதிப் பாதி.

மழை எந்தப் பக்கம்?

முதலில் மாதத்தைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதும். கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன், மஸ்கெலியா எல்லாம் நனைந்தே கிடக்கும். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரையும் தாண்டி மழை பெய்கிற இடம். அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை வீதிகள் பெரும்பாலும் காய்ந்திருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கதை தலைகீழ். பதுளை, பசறை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவு நனையும், ஹற்றன் பக்கம் வெளிக்கும். ஆனால் அது சிவனொளிபாதமலைப் பருவமும் கூட. டிசம்பர் போயா (பௌர்ணமி) தொடங்கி மே மாத வெசாக் வரை, அதிலும் வார இறுதிகளிலும் போயா விடுமுறைகளிலும், நோர்வூட், மஸ்கெலியா வீதிகளில் இரவு பகலாக யாத்திரை பஸ்கள் ஓடும்.

ஒக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் உல்லாசப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை (லயங்களை) மூடியது 2014 ஒக்டோபர் 29. டித்வா சூறாவளி மலையக வீதிகளை உடைத்துப் போட்டது 2025 நவம்பர் இறுதி. அப்படி உடைந்த வீதிகள் திறந்த பிறகும் சில இடங்களில் ஒரு வழியாகவே இருக்கும், வெட்டிய மண்மேடு இறுகப் பல மழைக்காலம் எடுக்கும். அதனால் பழைய காணொளியைப் பார்த்து வீதியை முடிவு செய்யாதீர்கள். புறப்படும் நாளுக்கு முந்திய மாலையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் மாற்று வீதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். செம்மஞ்சளோ சிவப்போ என்றால் அந்தப் பிரதேசச் செயலாளர் பிரிவுக்குள் போக வேண்டாம். எச்சரிக்கை வராவிட்டாலும், முதல் நாள் இரவு முழுக்கக் கொட்டியிருந்தால் அன்று காலை வீதியை மண்ணுக்கு விட்டுக்கொடுங்கள்.

வரைபடத்தில் தேடும் முறை

கைபேசி வரைபடத்தில் நிலவமைப்புத் தோற்றத்தைப் போட்டு, உயரக் கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தை வீதி எப்படிக் கடக்கிறது என்று பாருங்கள். கோடுகளை ஒட்டியே நெளிந்தால் மலை இடுப்பைச் சுற்றும் வீதி. வளைவு நிறைய, ஏற்றம் குறைவு. கோடுகளைக் குறுக்கே வெட்டி மடிந்து மடிந்து போனால் கொண்டை ஊசி வளைவுகள்.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. வரைபடம் சொல்லும் தூரத்தை அது சொல்லும் நேரத்தால் வகுங்கள். மணிக்கு 30 முதல் 38 கிலோமீற்றர் வந்தால் அது பெரும்பாலும் நல்ல வளைவுகளும் நல்ல தாரும் உள்ள வீதி. 45க்கு மேல் என்றால் நேரான பகுதிகள் கூட. 22க்குக் கீழே வந்தால் ஒடுக்கம், குழி, அல்லது கொங்கிறீற்றுப் போட்ட தோட்டப் பாதை. கார் சாரதிக்கு அதில் வேலைதான் இருக்கிறது, சுகம் இல்லை.

பெரிய பஸ் ஓடுகிறதா என்றும் விசாரியுங்கள். ஓடினால் எங்காவது ஒதுங்க இடம் இருக்கும். தோட்டத்துக்குள் போகும் பாதை தோட்ட நிர்வாகத்துடையது. தடைக்கம்பத்தில் நிற்கும் காவலாளியிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அங்கே ட்ராக்டர் குறுக்கே நிற்கும், அதைப் பார்த்து ஹோர்ன் அடிக்கக் கூடாது.

எந்த வீதி, எந்தத் திசை

தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயா வழியாகத் தவலந்தென்னைக்கு இறங்கும் வீதி முதல் தடவை வருபவருக்கு ஏற்றது. நல்ல அகலம், ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் கொத்மலைப் பள்ளத்தாக்கு. ஏ 5 வீதியின் நெரிசலைக் கொஞ்சம் தவிர்த்து ஹற்றன் பக்கத்தை அதனோடு இணைக்கவும் உதவும்.

மலையகத்தில் ஒரே ஒரு சுற்றுத்தான் போக முடியும் என்றால் பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை, கொஸ்லாந்தை, வெல்லவாய, எல்ல, மறுபடி பண்டாரவளை என்று போங்கள். ஏறத்தாழ 90 கிலோமீற்றர். நின்று நின்று போனால் அரை நாள். இதைச் சொன்ன வரிசையிலேயே ஓட்டுவது நல்லது, ஏனென்றால் எல்லவுக்கும் இராவணன் நீர்வீழ்ச்சிக்கும் இடையிலான செங்குத்தை அப்போது இறங்காமல் ஏறுவீர்கள். 2025 செப்டெம்பர் 4 இரவு பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்தது அந்த எல்ல வெல்லவாய வீதியில்தான். கொஸ்லாந்தைப் பக்க இறக்கமும் நீளமானதே. ஆனால் வழியில் தியலும நீர்வீழ்ச்சி இருக்கிறது, பிரேக் ஆற நிற்பதற்கு அதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

கண்டி மஹியங்கனை வீதியில், உடுதும்பரைக்கு அப்பால் ஹசலக்கைக்கு இறங்குமிடம் பதினெட்டு வளைவு. வீதியை அகலமாக்கிய பிறகு வளைவுகள் பதினேழு, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. கொண்டை ஊசி வளைவு பழக இதைவிடத் தோதான இடம் இல்லை, பெரும்பாலும் அடுத்த தட்டில் வருகிற வாகனம் மேலிருந்தே தெரியும். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவஸ்டன், இலுக்கும்புர போகும் வீதி இன்னும் ஒடுக்கம், காற்றும் பலம். ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரேக்குப் போகும் வீதியை வளைவு ஓட்டமாக நினைக்கவே வேண்டாம். எதிரே ஒரு லொறி வந்தால் யாராவது ஒருவர் பின்னோக்கி ஓட்ட வேண்டும். பின்னோக்கி ஓட்டுவதில் நம்பிக்கை இல்லாதவர் அதைத் தொடாதிருப்பது நல்லது.

நானுஓயா ராதெல்ல குறுக்கு வீதியைத் தூரம் மிச்சம் என்று எடுக்காதீர்கள். 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் இறந்த இறக்கம் அது. பிரதான வீதியைச் சுற்றிப் போனால் சில நிமிடங்கள்தான் கூடும்.

புறப்படுமுன்

டயர் காற்றைக் காலையில், ஓடுமுன், குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அளவு சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். ஆள் நிறைய ஏறினால் அதிலுள்ள கூடிய அளவைப் பிடியுங்கள். டயர் பூ (தரையைப் பிடிக்கும் வரிகளின் ஆழம்) 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் காய்ந்த தாரில் வித்தியாசம் தெரியாது, ஈரத்தில் வழுக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 3519 என்றால் 2019 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம் செய்த டயர். பூ இருந்தும் றப்பர் கட்டித்துப் போன பழைய டயர்கள்தான் மலையில் ஏமாற்றும்.

பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 (DOT 4) தர ஒயில் கொதிக்க 230 பாகை செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறிய பின் 155 போதும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ், மிதித்தால் பெடல் தரைக்குப் போகும். கொழும்பில் ஓடும்வரை இந்தக் குறை வெளியே தெரியாது, முதல் நீண்ட இறக்கத்தில்தான் தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லை என்றால், இப்போதே மாற்ற வேண்டும் என்று பொருள். பிரேக் பேட் 3 மில்லிமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும்.

இறக்கம்

எல்லவிலிருந்து வெல்லவாய வரை இறக்கம் சுமார் 800 மீற்றர். ஒன்றரைத் தொன் வாகனம் அவ்வளவு உயரத்தை இழக்கும்போது பிறக்கும் வெப்பம் 35 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதை எஞ்சின் வாங்காவிட்டால் நான்கு பிரேக்கும்தான் வாங்க வேண்டும்.

ஆகவே இறங்கத் தொடங்குமுன்பே கியரைக் குறையுங்கள். ஏறினால் எந்தக் கியர் கேட்குமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய சாரதிகளின் கணக்கு. பழைய லொறிக்கு அது சரி. இன்றைய கார் ஏற்றத்தில் உயர்ந்த கியரிலும் இழுத்துவிடும், அதனால் இறங்கும்போது இன்னும் ஒன்று குறையுங்கள். ஒட்டோ கியர் காரில் டி (D) கியரில் விட்டபடி இறங்குவதுதான் வாடகைக் கார் எடுத்து வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு. எல், எஸ், 2 என்று எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். டொயோட்டா ஹைபிரிட்டில் அது பி (B). ஹைபிரிட் பற்றரி நிறைந்த பிறகு மின்மோட்டார் முன்புபோல் பிடிக்காது, பெடலில் பழகிய அளவு மாறும். அப்போதும் பியில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் சத்தம் கூடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம், சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை அதற்குக் கேடில்லை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது, எஞ்சினை அணைப்பது இரண்டும் உயிரோடு விளையாடுவது.

பிரேக்கைத் தொட்டபடியே வராதீர்கள். வேகம் கூடினால் அழுத்தமாக மிதித்துக் குறைத்து, முழுதாக விடுங்கள், காற்றுப் பட்டு ஆறும். எரிந்த வாடை, பெடல் மெத்தென்று ஆவது, நிற்க முன்பைவிட அதிக மிதி தேவைப்படுவது, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அடுத்த பாதுகாப்பான ஒதுக்கிடத்தில் நின்று அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் தட்டு வளையும். ஹேண்ட் பிரேக்கை இறுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

பிரேக்கே இல்லாமல் போனால்: பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் பொத்தானை அழுத்தியபடி மெல்ல மெல்ல இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்பக்கம் சுழலும். அதுவும் போதாவிட்டால் மலைப் பக்கத்துக் கானுக்குள் (வடிகாலுக்குள்) சக்கரத்தை இறக்கி மண்மேட்டில் உரசுங்கள். கார் நசுங்கும், பள்ளத்துக்குப் போகாது.

வளைவில்

வேகத்தைக் குறைப்பதை வளைவுக்கு முன்னேயே முடித்துவிடுங்கள். உள்ளே போன பின் பிரேக்கை மிதித்தால் பாரம் முன் சக்கரத்துக்குப் போய், பின் சக்கரத்தின் பிடி தளரும். வீதி எங்கே கண்ணுக்கு மறைகிறதோ அந்தப் புள்ளியைப் பாருங்கள். அது உங்களை நோக்கி நெருங்கினால் வளைவு இறுகுகிறது, விலகினால் விரிகிறது. தெரிகிற தூரத்தில் பாதிக்குள் நிற்க முடிகிற வேகம்தான் ஒடுக்கமான வீதியில் சரியான வேகம், மற்றப் பாதி எதிரே வருபவருக்கு.

உங்கள் பாதியை விட்டு வெளியே போகாதீர்கள். வலப்பக்க வளைவில் உள்விளிம்பை வெட்டிப் போவது இனிமையாக இருக்கும், அங்கேதான் பஸ் வரும். கொண்டை ஊசியில் பஸ்ஸும் கொழுந்து லொறியும் முழு வீதியையும் எடுத்துத்தான் திரும்ப முடியும். வளைவுக்கு முன்னே 15, 20 மீற்றர் தள்ளி நின்று வழி விடுங்கள். ஏறுகிற வாகனத்துக்கு இறங்குகிறவர் இடம் கொடுப்பது மலை வழக்கம், பாரத்தோடு நின்ற லொறி மறுபடி கிளம்புவது கஷ்டம். மறைவான வளைவுக்கு முன் ஒரு சின்ன ஹோர்ன், பிறகு காதைக் கொடுங்கள். கண்ணாடி ஏற்றியிருந்தால் பதில் ஹோர்ன் கேட்காது.

பின்னால் உள்ளூர் வேன் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒதுங்கி விட்டுவிடுங்கள். இந்த வீதிகளில் 40 கிலோமீற்றர் வேகத்திலேயே ஓட்டும் இன்பம் முழுதாகக் கிடைக்கும். பின்னிருக்கையில் தூங்கும் பிள்ளையின் தலை ஆடாமல் பத்து வளைவைக் கடப்பதே கைத்திறனுக்கு நல்ல சோதனை.

மோட்டார் சைக்கிளில் வருபவர் கொண்டை ஊசியின் வெளிப்பக்கத்தைக் கவனியுங்கள். தாங்கி நிறைய டீசல் அடித்த பஸ் அங்கேதான் சிந்தும். ஈரத் தாரில் வானவில் நிறமாகத் தெரியும்.

பனிமூட்டம், பொழுது, மனிதர்கள்

பகல் 2 மணிக்குப் பிறகு நானுஓயா, ஹக்கலை, அப்புத்தளை, ஓஹியப் பக்கங்களில் மூட்டம் அடிக்கடி இறங்கும். டிம் லைட்டில் போங்கள், உயர் ஒளி மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஓடும்போது நான்கு சிக்னலையும் போடாதீர்கள், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பிடித்துப் போங்கள், ஆனால் கோடு இல்லாத இடத்தில் கான் எங்கே என்று நினைவு வையுங்கள். கோடும் தெரியாவிட்டால் ஏதாவது கடை வாசலில் நின்று ஒரு பிளேன்டீ குடிப்பதே வழி.

காலை 7 மணிக்குக் கொழுந்துக்குப் போகும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் வீதியோரமாக நடப்பார்கள். பகல் ஒன்றரைக்குப் பள்ளி விடும். பெரும்பாலான தோட்ட வீதிகளில் நடைபாதை கிடையாது, அவர்களுக்கு வீதியே முற்றம். லயம் தெரிந்தவுடன் 20க்குக் குறையுங்கள். மாசி முதல் சித்திரை வரை தோட்டக் கோயில் திருவிழாக்களில் தேர் வீதிக்கு வரும், எஞ்சினை அணைத்து நில்லுங்கள்.

பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. மூன்றையும் கைபேசியில் போட்டு வைத்தாலும், மீமுரே, ரிவஸ்டன் போன்ற இடங்களில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். வரைபடத்தை முதல் நாளே இறக்கி வையுங்கள், தாங்கியை ஹற்றன், மாத்தளை, பண்டாரவளை போன்ற நகரத்தில் நிரப்புங்கள், எத்தனை மணிக்கு எந்த ஊரைத் தாண்டுவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.