கார் டியூ கட்ட முடியவில்லையா? வண்டியைத் தூக்குவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

இரண்டு டியூ நின்றுபோய், மூன்றாவதும் கட்ட முடியாது என்று தெரிந்ததும் நிறைய பேர் செய்கிற முதல் காரியம், கடன் கொடுத்தவர் போனை எடுக்காமல் விடுவது. இரண்டாவது, "போனால் போகட்டும், வண்டியை எடுத்துக்கொண்டால் கடன் தீர்ந்தது" என்று மனதைத் தேற்றிக்கொள்வது. தீராது. ஏன் என்பது கீழே கணக்கில் வரும்.

முதலில் ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். எத்தனை தவணை தவறினால் வண்டியை எடுக்கலாம், அதற்கு முன் நோட்டீஸ் தர வேண்டுமா, ஒரு தவணை தவறினாலே மொத்தப் பாக்கியையும் உடனே கேட்கலாமா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்ன ஷரத்து பல ஒப்பந்தங்களில் உண்டு. அதைப் பயன்படுத்திவிட்டார்கள் என்றால் ஒரு மாத டியூவை மட்டும் அனுப்பி வண்டியைக் காப்பாற்றுவது கஷ்டம். அப்புறம், கையில் காசில்லை என்று இன்ஷூரன்ஸை விட்டுவிடாதீர்கள், அது காலாவதியாவதையும் பல ஒப்பந்தங்கள் ஒப்பந்த மீறலாகவே கணக்கில் எடுக்கும்.

அடுத்து, நீங்களாகவே கூப்பிடுங்கள், முடிந்தால் தவணைத் தேதிக்கு முன்பே. தவறிய தவணைகளைக் கடைசியில் சேர்க்க முடியுமா, காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், மொத்தத்தில் கூடுதலாகக் கட்டுவீர்கள், ஆனாலும் வண்டி நிற்கும். ஒத்துக்கொண்டதை மின்னஞ்சலில் வாங்குங்கள். போனில் "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னவர் அடுத்த வாரம் அந்த வேலையிலேயே இல்லாமல் போகலாம்.

இனி சமாளிக்கவே முடியாது என்றால் வண்டியை நீங்களே விற்கப் பாருங்கள். என்னைக் கேட்டால் முக்கியமான இடம் இதுதான். பாக்கி 500, வண்டியை நீங்கள் விற்றால் 450 கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மட்டும் கையிலிருந்து போட வேண்டும். அதே வண்டியை அவர்கள் தூக்கி ஏலத்தில் 350-க்கு விட்டு, இழுத்துச் சென்றது, நிறுத்தி வைத்தது, ஏலம் விட்டது என்று 40 செலவு சேர்த்தால், வண்டியும் இல்லாமல் 190 கடன் உங்கள் தலையில் நிற்கும். நீங்களாக ஒப்படைத்தால் இழுத்துச் செல்லும் செலவு மிச்சமாகலாம், ஆனால் ஏலத்தில் விழுகிற துண்டு அப்படியேதான் இருக்கும். ஒன்று: கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வ சம்மதமில்லாமல் விற்காதீர்கள்.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள், வித்தியாசம் பெரியது. பிரிட்டனில் தவணைக் கொள்முதலாக எடுத்த வண்டிக்கு மூன்றில் ஒரு பங்கு கட்டிவிட்டால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி நீதிமன்ற உத்தரவில்லாமல் எடுக்க முடியாது. மலேசியாவில் 1967-ஆம் ஆண்டு சட்டம் அந்த அளவை 75 சதவீதம் என்கிறது. அமெரிக்காவில் பொதுவாக நீதிமன்றம் போகாமலே எடுக்கலாம், ஆனால் அடிதடி, மிரட்டல், பூட்டை உடைப்பது கூடாது. இந்தியாவில் ஆள் வைத்து முரட்டுத்தனமாகப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்தது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டது.

ஆள் வந்துவிட்டால் சண்டை வேண்டாம். அடையாள அட்டை, அதிகாரக் கடிதம் கேளுங்கள், வண்டியை நாலாபுறமும் வீடியோ எடுங்கள், உள்ளே இருக்கிற உங்கள் சாமான்களை எடுங்கள், எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் என்றால் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வண்டியை ஒளித்து வைக்கும் யோசனையும் வேண்டாம்; அது ஒப்பந்த மீறல், சில நாடுகளில் கேஸே ஆகும்.

எடுத்துச் சென்ற பிறகும் பல இடங்களில் ஏலத்துக்கு முன் பணம் கட்டி மீட்க அவகாசம் உண்டு. கட்ட வேண்டிய தொகை, கடைசி நாள், ஏலத் தேதி மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஏலம் முடிந்ததும் விற்ற விலை, செலவுப் பட்டியல், மீதிக் கணக்கு கேளுங்கள். பாக்கிக்கு மேல் விற்றிருந்தால் அந்த உபரி பொதுவாக உங்களுக்கு வர வேண்டியது. வீடு மாறியிருந்தால் புது முகவரியை இன்றே தெரிவித்துவிடுங்கள், ஏல நோட்டீஸ் பழைய வீட்டுக் கதவிடுக்கில் கிடந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?